இரு தரப்புக்கும் வாதாடப் பழகுதல்

மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் ஒருவர், போரில் காயம்பட்டோரையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லாமலே தொழிலை முடித்துக்கொள்ளக்கூடும். மாவட்ட நீதிமன்றத்திலும், 2004 முதல் ஒத்தக்கடைக்கு அருகே இயங்கிவரும் உயர் நீதிமன்றக் கிளையிலும் எங்கள் நாட்களை நிரப்புபவை பாகப்பிரிவினை வழக்குகளும் ஜாமீன் மனுக்களும் வாகன விபத்து இழப்பீடுகளும் ரிட் மனுக்களும்தான். இந்தியா நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளையும் 1950-இல் ஏற்புறுதி செய்தது; அவற்றுக்குச் செயல்வடிவம் தர 1960-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றியது. ஆயினும் அரசுத் தரப்பின் புகார் இல்லாமல் எந்த நீதிமன்றமும் அதன் கீழான குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள இயலாதென்று அச்சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. கோவாவைச் சேர்ந்த மான்டீரோ என்ற பாதிரியாரின் வழக்கில் 1969-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், நீதிமன்றத்தை அணுகுவதற்கான குறிப்பான உரிமை எதையும் அச்சட்டம் எவருக்கும் வழங்கவில்லை என்றே சொன்னது.

ஆகவே நம் பக்கத்துச் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை, அதாவது போர் நடக்கும்போதும் மீறக்கூடாதவை எவை என்று சொல்லும் சட்டத்தை, எழுந்து நின்று வாதாடிப் பார்க்கக்கூடிய இடம் ஏறத்தாழ ஒன்றே ஒன்றுதான். அது மாதிரி நீதிமன்றப் போட்டி. மாணவர்கள் பேச்சில் 'மூட்'. படிக்கிற காலத்தில் நானும் மூட் மேடைகளில் நின்றிருக்கிறேன். இப்போது நீதிமன்ற வேலை முடிந்த மாலைகளில், இத்துறைப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவ அணிகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். தொழிலில் பயன்படாத ஒரு சட்டத்துக்காக மாணவர்கள் ஏன் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று என் சக வழக்கறிஞர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுத விரும்புகிறேன்.

இத்துறைப் போட்டிகளில் இந்திய மாணவர்கள் பரவலாக அறிந்தது, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் புதுதில்லியிலுள்ள இந்தியப் பன்னாட்டுச் சட்டக் கழகமும் இணைந்து நடத்தும் ஹென்றி டுனான்ட் நினைவுப் போட்டி. 1859 ஜூன் 24-ஆம் நாள் வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போருக்குப் பின், காயம்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு, பக்கத்து ஊர் மக்களைத் திரட்டி அவர்களுக்கு உதவியவர் டுனான்ட். அவர் எழுப்பிய குரலின் பயனாக 1863-இல் செஞ்சிலுவை அமைப்பும் மறு ஆண்டே முதல் ஜெனீவா உடன்படிக்கையும் உருவாயின. ஆசிய பசிபிக் நாடுகளின் அணிகளுக்காக ஹாங்காங்கில் 2003 முதல் ஒரு போட்டி நடந்துவருகிறது. 1989-இல் தொடங்கிய ஜான் பிக்தே போட்டி இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அதில் மனுவும் கிடையாது, வழக்கமான நீதிமன்ற வாதமும் கிடையாது. கற்பனையான ஒரு போரின் நடுவே மூவர் கொண்ட அணியை நிறுத்தி, ஒரு நேரம் இராணுவத்தின் சட்ட ஆலோசகராகவும், இன்னொரு நேரம் செஞ்சிலுவைப் பிரதிநிதியாகவும், வேறொரு நேரம் ஆயுதக் குழுவின் பேச்சாளராகவும் பேசச் சொல்வார்கள். நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். சட்டத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் மட்டுமே தாக்குப்பிடிப்பார்கள்.

வழக்கமான மூட்டின் அமைப்பு எளிது. பெரும்பாலும் இருவர் வாதாடுவார்கள். ஒருவர் ஆய்வாளராக இருப்பார். கற்பனை நாடுகளை வைத்து எழுதப்பட்ட வழக்கு விவரம் பல வாரங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். அதைப் படித்து 'மெமோரியல்' எனப்படும் எழுத்துவாதத்தைத் தயாரிக்க வேண்டும். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் பாடத்திட்டத்திலேயே மூட் கட்டாயம் என்பதால் மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரிக்குள் சிலவற்றை எப்படியும் செய்து முடிப்பார். ஆனால் வெளிப் போட்டிகளில் ஒரு விதி உண்டு. என் கருத்தில் மொத்தப் பயிற்சியின் மதிப்பும் அந்த விதியில்தான் அடங்கியிருக்கிறது. ஒவ்வோர் அணியும் அரசுத் தரப்புக்கு, அதாவது குற்றஞ்சாட்டும் தரப்புக்கு, ஒன்றும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக நிற்கும் எதிர்த்தரப்புக்கு ஒன்றுமாக இரண்டு மெமோரியல்களை எழுதித் தர வேண்டும். எந்தச் சுற்றில் எந்தத் தரப்பில் நிற்பது என்பதை அணி தேர்ந்தெடுக்க முடியாது. பெரும்பாலும் குலுக்கல்தான் தீர்மானிக்கும். காலையில் தளபதியைக் கூண்டில் ஏற்றியவர், மாலையில் அதே தளபதிக்காக அதே நீதிபதிகள் முன்பு எழுந்து நிற்க நேரிடும்.

நிலத் தகராறிலோ ஒப்பந்த வழக்கிலோ இப்படி மாறி நிற்பது யாருக்கும் உறுத்துவதில்லை. போர்ச் சட்டத்தில் அது உறுத்துகிறது. வழக்கு விவரத்தில் இறந்து கிடப்பவர்கள் குழந்தைகள், எரிந்தது பள்ளிக்கூடம், குண்டு விழுந்தது மகப்பேறு விடுதி. புதிதாக வரும் மாணவர்கள் அரசுத் தரப்பு மெமோரியலை இரண்டே வாரத்தில் கொதிப்போடு எழுதிக் கொண்டுவந்து விடுகிறார்கள். எதிர்த்தரப்பு மெமோரியல் வெற்றுத்தாளாகவே கிடக்கிறது. "அக்கா, இவனுக்காக நான் எப்படிப் பேசுறது?" என்று ஒருவராவது கேட்காத ஆண்டே இருந்ததில்லை. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அது எழாத மாணவரிடம்தான் எனக்குக் கவலை அதிகம். இருப்பினும், அரசுத் தரப்பு மெமோரியல் எவ்வளவு பலவீனமானது என்பது எதிர்த்தரப்பு மெமோரியலை எழுதத் தொடங்கும்போதுதான் அவர்களுக்கே தெரியவருகிறது. 'கொடூரமான', 'ஈவிரக்கமற்ற', 'மனசாட்சியை உலுக்கும்' என்று வரிக்கு வரி வரும் அடைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், பல பக்கங்களில் நிரூபணம் என்று சொல்லத்தக்கது ஒன்றிரண்டு வாக்கியங்களாகச் சுருங்கிப்போகும்.

ஒரு பயிற்சி அமர்வைச் சொன்னால் இது விளங்கும். கே.கே. நகரில் என் அலுவலக மாடியில் நடந்த அமர்வு அது. வழக்கு விவரத்தை நாங்களே எழுதியிருந்தோம்: ஆற்றின் இரு கரையிலும் அமைந்த ஒரு நகரம், வடகரையில் அரசுப் படை, தென்கரையில் ஆயுதக் குழு, தென்கரை மருத்துவமனையின் வளாகத்துக்குள் குழுவினர் மோர்ட்டார் என்னும் சிறு பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அரசுப் படைத் தளபதி வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் ஒரு மணி நேர அவகாசம் தந்து எச்சரித்துவிட்டு, பிறகு பீரங்கியால் தாக்குகிறார், நோயாளிகள் இறக்கிறார்கள். குற்றவியல் வழக்குகளில் நீண்ட அனுபவம் உள்ள மூத்த வழக்கறிஞர் ஒருவர் நீதிபதியாக அமர்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி அரசுத் தரப்பில் எழுந்தார். வாதம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

மருத்துவமனையைத் தாக்கியது போர்க்குற்றம் என்று அவர் தொடங்கினார். வளாகத்தில் ஆயுதம் இருந்ததே என்று நீதிபதி கேட்டார். காயமடைந்த போராளிகளிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கிகள் உள்ளே இருப்பதால் மட்டும் மருத்துவமனையின் பாதுகாப்பு நீங்கிவிடாது என்று நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவைத் தயக்கமின்றி எடுத்துரைத்தார். "நான் துப்பாக்கியைக் கேட்கவில்லை, மோர்ட்டாரைக் கேட்கிறேன்" என்றார் நீதிபதி. அடுத்த நொடியே, "மேலும் இது ஒரே நாட்டுக்குள் நடக்கும் மோதல். 19-ஆம் பிரிவு நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது. அதை இங்கே எப்படிக் கொண்டுவருகிறீர்கள்?" என்றும் கேட்டார்.

மாணவி கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு அவர் பேசியது அந்த ஆண்டு நான் கேட்ட வாதங்களிலேயே மிகச் சிறந்தது. 19-ஆம் பிரிவை நேரடியாகச் சார்ந்திருக்கவில்லை என்று விட்டுக்கொடுத்தார். ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்க்கப்பட்ட, உள்நாட்டு மோதல்களுக்கான இரண்டாம் கூடுதல் நெறிமுறையின் 11-ஆம் பிரிவும், நாடுகளின் நடைமுறையால் எல்லாரையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டத்தைத் திரட்டிச் செஞ்சிலுவைக் குழு 2005-இல் வெளியிட்ட தொகுப்பின் 28-ஆம் விதியும் மருத்துவமனைக்குப் பாதுகாப்புத் தருவதைக் காட்டினார். மோர்ட்டார் வைத்துச் சுட்டால் அந்தப் பாதுகாப்பு நீங்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் எச்சரிக்கை விடுத்து, நியாயமான அவகாசம் தந்து, அதன் பின்னும் அது மதிக்கப்படாமல் போனால்தான் நீங்கும் என்றார். எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் எத்தனை பேர், ஆம்புலன்ஸ் எத்தனை, பாலம் எந்த நிலையில் இருந்தது என்று வழக்கு விவரத்தின் வரிகளையே வரிசையாக வாசித்துக் காட்டி, இந்த ஊரில் இந்த நோயாளிகளுக்கு ஒரு மணி நேரம் நியாயமான அவகாசம் ஆகாது என்று முடித்தார். நீதிபதி தலையசைத்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார்: "நோயாளிகளின் எண்ணிக்கை உங்களுக்கும் எனக்கும் தெரியும். வடகரையில் இருந்த தளபதிக்குத் தெரிந்திருந்ததா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதில்தான் அந்த அணியின் அடுத்த சில வாரங்கள் கழிந்தன. போர்ச் சட்டத்தின் வழக்குகள் பெரும்பாலும் இந்த முனையில்தான் வெல்லப்படுகின்றன, தோற்கப்படுகின்றன. 1948-இல் நியூரம்பர்க்கில் விசாரிக்கப்பட்ட ஜெர்மானியத் தளபதி லோதர் ரெண்டூலிக், நார்வேயின் வடகோடியில் ஊர்களை எரித்துப் பாழாக்கிவிட்டுப் பின்வாங்கியவர். சோவியத் படை துரத்தி வருகிறது என்று அவர் நம்பினார். உண்மையில் அந்த ஆபத்து அவர் எண்ணிய அளவுக்கு இல்லை. தீர்ப்பாயம் அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. பின்னாளில் தெரியவந்ததை வைத்து எடைபோடாமல், அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் தென்பட்ட நிலைமையை வைத்தே எடைபோட வேண்டும் என்பது அதன் காரணம். வேறு குற்றங்களுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். இதற்கு மறுமுனையில் இருப்பது போஸ்னியாவின் சரயேவோ நகர முற்றுகைக்காக செர்பியத் தளபதி ஸ்டானிஸ்லாவ் கலிச்சுக்கு எதிராக 2003-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு. தாக்குபவரின் இடத்தில் இருக்கும், தகவல் நன்கறிந்த ஒரு நியாயமான மனிதர், கைக்கு எட்டிய செய்திகளைத் தக்கபடி பயன்படுத்தியிருந்தால் பொதுமக்கள் இழப்பு அளவுக்கு மிஞ்சியதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பாரா என்று அது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அந்த அளவுகோல் இடம் தராது. தளபதிக்காக வாதாடும் மாணவர் ரெண்டூலிக்கிடம் தொடங்குவார். எதிரே நிற்பவர் கலிச்சிடம் தொடங்குவார். இருவரும் மறு சுற்றில் இடம் மாறுவார்கள். அப்படி மாறிய பிறகு, தளபதிக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க எந்தத் தாள், எந்தச் சாட்சி, எந்த வானொலிப் பதிவு வேண்டும் என்று அவர்களாகவே பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கோபம் மட்டும் கையிலிருந்தபோது அந்தப் பட்டியல் அவர்களிடம் இருக்கவில்லை.

மேலே நீதிபதி கேட்ட இரண்டாவது கேள்வியையும் லேசாக விட்டுவிட முடியாது. மோதல் நாடுகளுக்கிடையிலானதா, உள்நாட்டினுடையதா என்று முதலில் வகைப்படுத்தாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1995-இல் டாடிச் வழக்கில் தந்த விளக்கம் இன்றும் இதற்கு அடிப்படை. அரசுக்கும் ஒழுங்கமைந்த ஆயுதக் குழுவுக்கும் இடையே நீடித்த ஆயுத வன்முறை இருந்தால் அங்கே ஆயுத மோதல் இருக்கிறது. வகை மாறினால் குற்றமே மாறிவிடும். அளவுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பை விளைவிக்கும் என்று தெரிந்தே தாக்குவதை, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம் நாடுகளுக்கிடையிலான போரில் தனிப் போர்க்குற்றமாக வைத்திருக்கிறது. உள்நாட்டு மோதலுக்கான பட்டியலில் அதற்கு இணையான குற்றம் இல்லை. வழக்காற்றுச் சட்டம் இரு வகை மோதலிலும் அத்தகைய தாக்குதலைத் தடை செய்கிறது என்பது வேறு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் அந்தப் பெயரால் ஒருவரைக் குற்றஞ்சாட்ட முடியுமா என்பது வேறு. இதைக் கவனியாமல் உள்நாட்டு மோதல் வழக்கில் அந்தக் குற்றத்தின்மேல் மெமோரியல் முழுவதையும் கட்டிக்கொண்டு வரும் அணிகள், முதல் கேள்வியிலேயே நிலைகுலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஓர் ஓட்டை சட்டத்தில் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது இருப்பதை அறியாமல் அதை அடைக்கச் சொல்லி யாரும் போராட முடியாது.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் படித்த மாணவர்களுக்கும் மீட்டர் கணக்கு மனத்தில் பதிவதில்லை. 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை க்னின் உள்ளிட்ட ஊர்கள்மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியது. அதே யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் தளபதி அன்டே கோட்டோவினாவை விசாரித்த அமர்வு, இராணுவ இலக்கு எதிலிருந்தும் 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டுகளை, குறிவைத்தே ஊர்மீது எறியப்பட்டவை என்பதற்குச் சான்றாகக் கொண்டு, 2011-இல் அவருக்கு 24 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, அந்த 200 மீட்டர் அளவுக்குச் சாட்சியத்தில் அடிப்படை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லி, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவரை விடுவித்தது. இந்த வழக்கைப் பாடமாக எடுக்கும்போது மாணவர்களைச் சித்திரை வீதிக்கு அழைத்துப்போவேன். மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதில் ஒரு பக்கத்துக்கு 200 மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுடையது. ஒரு மூலையில் இலக்கு இருக்கிறது, மறு மூலையில் குண்டு விழுகிறது என்று வைத்துக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்வேன். இடையில் எத்தனை கடைகள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே நடந்து முடித்த பிறகு, அரசுத் தரப்பில் நிற்பவர் '200 மீட்டர் என்பது மிகத் தாராளமான அளவு' என்கிறார். எதிர்த்தரப்பில் நிற்பவர், அந்தக் காலத்துப் பீரங்கி பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுடும்போது காற்றும் வெப்பமும் குழாயின் தேய்மானமும் எவ்வளவு பிழையை உண்டாக்கும் என்று கேட்கிறார். இரண்டும் உண்மை. விசாரணை அமர்வு தன் அளவை எங்கிருந்து எடுத்தது என்று விளக்காமல் விட்டதே தீர்ப்பு கவிழக் காரணம் என்பதை அவர்கள் அன்று வீதியில் நின்றபடியே புரிந்துகொள்கிறார்கள்.

தமிழ் மாணவர்களிடம் தவறாமல் வரும் இன்னொரு விருப்பம், வாதத்தைப் புறநானூற்றில் தொடங்குவது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டியனை நெட்டிமையார் பாடிய 9-ஆம் பாட்டு அது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாவலான இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்பைச் செலுத்தப் போகிறோம் என்று முன்னறிவிக்கும் அறநெறியை அது போற்றுகிறது. முன்னெச்சரிக்கை பற்றிய முதல் கூடுதல் நெறிமுறையின் 57-ஆம் பிரிவைப் படித்தவருக்கு அந்தப் பாட்டு சிலிர்ப்பைத் தருவது இயற்கை. ஆயினும் சர்வதேச நீதிமன்ற மேடையில் அதைச் சொன்னால், சட்டத்தின் எந்த மூலத்தின் கீழ் இதைக் கொண்டுவருகிறீர்கள் என்ற கேள்விக்கு விடை கிடையாது; கொடுத்த நிமிடங்களும் கரைந்துவிடும். நான் சொல்வது, மேடைக்கு வெளியே அதைப் படியுங்கள், கூடவே 15-ஆம் பாட்டையும் படியுங்கள் என்பதுதான். அதே புலவர், அதே மன்னன். பகைவரின் கோட்டை இருந்த நிலத்தைக் கழுதைகளைப் பூட்டி உழுது பாழாக்கினாய், விளைந்த வயல்களில் குதிரை பூட்டிய தேரை ஓட்டினாய், அவர்கள் காத்துவைத்த நீர்நிலைகளில் உன் யானைகளைப் படியவிட்டாய் என்று அங்கே புகழ்கிறார். பயிரையும் குடிநீர் நிலைகளையும் அழிக்கக்கூடாது என்று சொல்லும் முதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு எதைத் தடுக்க எழுதப்பட்டதோ, அது அந்தப் பாட்டில் வெற்றியின் அடையாளமாக நிற்கிறது. நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது என்ற பெருமிதத்தோடு வரும் மாணவர், இரண்டையும் சேர்த்துப் படித்தபின் இன்னும் கூர்மையாகக் கேள்வி கேட்பவராகத் திரும்பி வருகிறார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள மாவட்டம் இது. கற்பனை நாட்டின் பெயரை வைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாக்குதலைப் பேசும்போது, அறையில் இருக்கும் எல்லார் மனத்திலும் 2009-ஆம் ஆண்டின் வன்னிதான் ஓடுகிறது. நான் அதைத் தவிர்ப்பதில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கையை ஒவ்வோர் அணிக்கும் படிக்கக் கொடுக்கிறேன். பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடங்களையும் மருத்துவமனைகளையும் அரசுப் படை பீரங்கியால் தாக்கியது என்பதும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்து, தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள் என்பதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று அந்த அறிக்கை கூறுகிறது. பொதுவெளியில் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் அதன் ஒரு பாதியை மட்டுமே எடுத்தாள்கிறோம். மூட் பயிற்சி பெற்ற மாணவரால் அப்படிச் செய்ய முடிவதில்லை. இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இலங்கை சேரவில்லை, ஆகவே வழக்காற்றுச் சட்டத்தைத்தான் சார வேண்டும் என்று தொடங்குகிறார். நம்பத்தகுந்த குற்றச்சாட்டு என்பது குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் நிரூபணம் ஆகாது, எனவே எந்த மருத்துவமனை, எந்த நாள், யாருடைய கட்டளை, இடத்தின் வரைபடக் குறிப்பு படையினருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்ததா என்று கேட்கிறார். அங்கே இறந்தவர்களுக்கு என்றாவது ஒரு நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்க வேண்டுமானால், இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் நமக்குள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிரே நிற்கப்போகும் வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதை அவர் இடத்தில் நின்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்தவர்களாலேயே அது முடியும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. இத்துறையின் வாதங்கள் குறுகிய வாக்கியங்களில்தான் நன்றாக நிற்கும். உச்சரிப்பைத் திருத்துவதிலேயே சுற்றின் பாதி நேரத்தைச் செலவிட்ட நீதிபதிகளை ஒரு போட்டியில் பார்த்தேன். சட்டத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் அந்த மாணவர் உட்கார்ந்தார். அழைக்கப்படும் நீதிபதிகளுக்கு வழக்கு விவரத்தை முன்கூட்டியே அனுப்பி, அதைப் படித்தவர்களை மட்டும் அமர்த்துவது போட்டி நடத்துபவர்களின் கடமை. மற்றபடி, பணம் கட்டிப் பெறும் தரவுத்தளம் எதுவும் இத்துறைக்குத் தேவைப்படுவதில்லை. உடன்படிக்கைகள், அவற்றுக்கான செஞ்சிலுவைக் குழுவின் விரிவுரைகள், 161 விதிகள் கொண்ட வழக்காற்றுச் சட்டத் தொகுப்பு, தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் ஆகிய அனைத்தும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் அமைதியாக உட்கார இடமில்லாதவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டி நடக்கும் ஊருக்குப் போய்வரும் செலவுதான் பெரிய தடை. அதற்குக் கல்லூரிகளும் முன்னாள் மாணவர்களும் முன்வர வேண்டும்.

இப்போது பயிற்சியில் இருக்கும் அணி, எச்சரிக்கை பற்றிய ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்து போன ஒரு நகரத்துக்குப் படையினர் குறுஞ்செய்தியால் எச்சரிக்கை அனுப்புகிறார்கள். கோபுரங்களை வீழ்த்தியது யார் என்று வழக்கு விவரம் சொல்லவில்லை. 57-ஆம் பிரிவு பயனுள்ள எச்சரிக்கையைக் கோருகிறது. சூழ்நிலை இடம் தராதபோது விலக்கும் அளிக்கிறது. வேறு வழியில் எச்சரிக்க முடியுமா என்று தளபதி ஆராய்ந்தாரா என்பதே கேள்வி என்று ஒருவரும், கோபுரங்கள் விழுந்தது அவருக்குத் தெரியுமென்று அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்கட்டும் என்று மற்றவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை இருவரையும் தரப்பு மாற்றி நிறுத்தப் போகிறேன்.